ஹெஃபல்ஃபிங்கர்தான் பணம் பெற்று ஆடிய முதல் வீரரா?

யேல் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர் 1892-இல் ஒரே ஓர் ஆட்டத்துக்கு 500 டாலர் வாங்கினார் என்றும், அமெரிக்கக் கால்பந்தில் பணம் பெற்று ஆடிய முதல் மனிதர் அவரே என்றும் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது எந்த அளவுக்கு உறுதி, அந்தப் பணம் கைமாறாமல் இருந்திருந்தால் அவர் பெயர் நிலைத்திருக்குமா, அவரே முதலாமவர் என்பது மெய்யானால் ஒகையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவருக்கு ஏன் இடமில்லை என்பவை உங்கள் கேள்விகள். பழைய விளையாட்டுப் பதிவுகளையும் அக்கால நாளிதழ்ச் செய்திகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு மனிதரை 'முதலாமவர்' என்று சொல்ல எத்தகைய சான்று போதும், மாணவப் பருவத்து ஆட்டத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கல்லூரி ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 500 டாலருக்குப் பொருள் கிடைப்பதே அவற்றால்தான். ஹெஃபல்ஃபிங்கர் 1867 டிசம்பர் 20 அன்று மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். தந்தை உள்நாட்டுப் போரில் மின்னசோட்டா முதல் படைப்பிரிவில் அதிகாரியாகப் பணியாற்றியவர். பின்னர் காலணித் தொழிலில் ஈடுபட்டவர். மகன் 1888-இல் யேலுக்கு வந்து 1891 வரை நான்கு பருவங்கள் ஆடினார். ஆறடி மூன்று அங்குல உயரமும் 200 பவுண்டை ஒட்டிய எடையும் இன்றைய முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு முன்னால் சிறிதாகத் தோன்றலாம். அந்நாளைய கல்லூரி அணிகளில் அது மிகப் பெரிய உடல். 'பட்ஜ்' என்ற பட்டப்பெயரால்தான் எல்லோரும் அவரை அறிந்திருந்தார்கள்.

அவர் ஆடிய விளையாட்டை இன்று தொலைக்காட்சியில் காணும் ஆட்டமாக எண்ணிக்கொண்டால் அவர் சாதித்தது என்ன என்பது விளங்காது. பந்தை முன்னோக்கி எறியும் உரிமை 1906-இல்தான் வந்தது. அதற்கு முன் பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும், அல்லது பின்னோக்கித் தள்ளிக் கொடுக்க வேண்டும். மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து யார்டு முன்னேறினால் பந்து கையில் நிலைக்கும். டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதற்கு, 4 புள்ளிகள், அதன்பின் கம்பத்துக்கிடையே உதைப்பதற்கு 2 புள்ளிகள், களத்திலிருந்து நேரே உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் 5 புள்ளிகள் என்பது அக்காலக் கணக்கு. ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடந்தது. அதே பதினொருவர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். காயம்பட்டால் தவிர மாற்று ஆள் இறங்க முடியாது. தலைக்கவசம் வழக்கத்துக்கு வரவில்லை. அவர் யேலுக்கு வந்த 1888-ஆம் ஆண்டிலேயே இரண்டு விதிகள் மாறின: இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை பிடித்து வீழ்த்தலாம் என்பது ஒன்று, தன் பக்கத்து ஓட்டக்காரனைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை விரித்து மறிக்கக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து ஆட்டத்தின் உருவத்தையே மாற்றின. இடைவெளிவிட்டு நின்ற முன்வரிசையினர் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். தனியாக விலகி ஓடுபவன் எளிதில் வீழ்த்தப்பட்டான். ஆட்களைக் குவித்து ஒரே இடத்தில் மோதும் முறை பெருகியது. எடையும் உரமும் உடையவர்களுக்கு இது பொற்காலம்தான். ஆனால் எடையோடு வேகமும் உடைய ஒருவர் அந்த நெருக்கத்துக்குள் என்ன செய்யலாம் என்பதை ஹெஃபல்ஃபிங்கர் காட்டினார் என்பதாலேயே நான் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்கிறேன்.

அவர் ஆடிய இடம் கார்டு. முன்வரிசையின் நடுவில் பந்தை விடுவிக்கும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர். தன் எதிரில் நிற்பவரைத் தள்ளி அங்கேயே முட்டிக்கொண்டிருப்பதே அந்த இடத்துக்கு உரிய வேலையாக இருந்தது. ஹெஃபல்ஃபிங்கரோ பந்து விடுபட்டவுடன் வரிசையை விட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, சுவாமி புறப்பாட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடப்பவரைப் போலத் தம் அணியின் ஓட்டக்காரருக்கு வழி திறந்தார். கார்டு இவ்வாறு வரிசையிலிருந்து விலகி ஓட்டத்துக்குத் தலைமை தாங்குவது இன்று உயர்நிலைப் பள்ளி அணி வரை கற்பிக்கப்படும் அடிப்படைப் பாடம். இதை முதலில் செய்தவர் அவர்தான் என்பது நெடுநாள் மரபு; அவரும் முதுமையில் அவ்வாறே கூறினார். ஓர் உத்தியை ஒரு மனிதர் ஒரு நாளில் கண்டுபிடித்தார் என்னும் கூற்றை நான் எப்போதும் தயக்கத்துடனேயே ஏற்பேன். பயிற்சிக் களத்தில் பலர் கைபட்டு உருவாகும் ஒன்றுக்குப் புகழ்பெற்ற பெயர் ஒன்று பின்னால் ஒட்டிக்கொள்வது உண்டு. எனினும் அந்த உத்தியை அஞ்சத்தக்க ஆயுதமாக ஆக்கியவர் அவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்தப் பயிற்சிக் களத்தைப் பற்றியும் ஒரு சொல். 1888-இல் யேலின் பயிற்சியாளர் வால்டர் கேம்ப். பதினொருவர் அணி, பந்தை ஒரு பக்கத்தாருக்கு உரிமையாக்கித் தொடங்கும் முறை, முயற்சிகளின் வரையறை ஆகியவற்றை விதிகளில் புகுத்தி, ரக்பியிலிருந்து இந்த ஆட்டத்தைப் பிரித்தெடுத்தவர் அவர். அவருக்கு நியூ ஹேவனில் கடிகார நிறுவனம் ஒன்றில் பகல் வேலை. அதனால் அவருடைய மனைவி ஆலிஸ் பிற்பகலில் களத்துக்குச் சென்று பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவார்; இரவில் அவர்கள் வீட்டில் ஆட்டக்காரர்கள் கூடுவார்கள், கேம்ப் திருத்தங்களைச் சொல்வார். அணித்தலைவரும் சென்டருமான வில்லியம் கார்பின், பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகப் பெயர்பெற்ற அமோஸ் அலான்சோ ஸ்டாக் ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். இவ்வளவு ஒழுங்காகச் சிந்தித்துப் பயின்ற அணி அன்று அமெரிக்காவில் வேறு இருந்திருக்குமா என்பது ஐயமே.

வெற்றிக் கணக்கு வியப்பளிக்கும். 1888-இல் யேல் 13 ஆட்டங்களையும் வென்றது. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. யேல் எடுத்த மொத்தப் புள்ளிகளைச் சில கணக்குகள் 694 என்றும் சில 698 என்றும் தருகின்றன. 1889-இல் 15 வெற்றி, பிரின்ஸ்டனிடம் 10-0 என ஒரு தோல்வி. 1890-இல் 13 வெற்றி, ஹார்வர்டிடம் 12-6 என ஒரு தோல்வி. 1891-இல் மீண்டும் 13 ஆட்டங்களிலும் வெற்றி, எதிரணிகளுக்கு மீண்டும் சுழியம், யேலுக்கு 488 புள்ளிகள். நான்கு பருவங்களில் 54 வெற்றிகளும் 2 தோல்விகளும்.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிட வேண்டாம் என்றும் சொல்வேன். 1888-இல் வெஸ்லியன் கல்லூரியை யேல் ஒருமுறை 105-0 என வென்றது. அதே பருவத்தில் தனக்கு நிகரான பிரின்ஸ்டனுக்கு எதிராக எடுத்தது வெறும் 10 புள்ளிகள், அதுவும் பில்லி புல் உதைத்த இரண்டு உதைகளால் வந்தவை. அதாவது யேலை எதிர்த்து நிற்கக்கூடிய அணிகள் இரண்டு மூன்றே. மற்றவை சிறிய கல்லூரிகள், போதிய பயிற்சியாளர்களும் இல்லாதவை. ஆகவே நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஹெஃபல்ஃபிங்கரின் திறமையைக் காட்டிலும் அன்றைய ஆட்டத்தின் ஏற்றத்தாழ்வையே மிகுதியாகக் காட்டுகின்றன. நான் அதிக மதிப்பளிப்பது 1891-இல் ஹார்வர்டை 10-0 எனவும் பிரின்ஸ்டனை 19-0 எனவும் வென்றதற்கு. அந்த இரு அணிகளும் நன்கு பயின்றவை, யேலின் முறைகளை அறிந்தவை, முந்தைய இரண்டு ஆண்டுகளில் யேலை ஆளுக்கு ஒருமுறை தோற்கடித்தவை.

இதே எச்சரிக்கை, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் பதினொருவரைப் பட்டியலிடும் 'அகில அமெரிக்க' தேர்வுகளுக்கும் பொருந்தும். 1889, 1890, 1891 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார். 1889-இல் வெளிவந்த முதல் பட்டியலின் பதினொருவரையும் எண்ணிப் பாருங்கள்: பிரின்ஸ்டனிலிருந்து ஐவர், ஹார்வர்டிலிருந்து மூவர், யேலிலிருந்து மூவர். தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்த உலகம் அவ்வளவுதான். ஆயினும் கேம்ப் 1904-இலும் 1910-இலும், அதற்குள் நாடெங்கும் பரவிவிட்ட ஆட்டத்தில் இருபது ஆண்டுகளின் வீரர்களைப் பார்த்த பிறகு, எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர் என்று தொகுத்தபோதும் ஹெஃபல்ஃபிங்கரைக் கார்டு இடத்தில் வைத்தார். கேம்ப் யேலின் மனிதர் என்பதால் அதில் சிறிது பற்றும் கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் கருத்தை மறுத்துப் பிற கல்லூரிக்காரர்கள் பெரிதாக எதிர்க்குரல் எழுப்பவில்லை என்பதைப் பழைய எழுத்துகளைப் படிக்கும்போது கவனிக்கலாம்.

இனிப் பணத்துக்கு வருவோம். அன்று பிட்ஸ்பர்க்கிலும், ஆற்றுக்கு அக்கரையில் தனி நகராக இருந்த அலகேனியிலும் விளையாட்டு மன்றங்கள் இருந்தன. அலகேனி மன்றமும் பிட்ஸ்பர்க் மன்றமும் கடும் போட்டியாளர்கள். வெளியே எல்லோரும் அமெச்சூர்கள், அதாவது பணம் பெறாமல் ஆடுபவர்கள், என்று பெயர், உள்ளே பந்தயப் பணம் தாராளமாகப் புரண்டது. 1892 அக்டோபரில் இரண்டும் மோதி 6-6 எனச் சமனில் முடிந்தது. பிட்ஸ்பர்க் அணியில் 'ஸ்டேயர்' என்ற பெயரில் ஆடியவர் உண்மையில் பென் ஸ்டேட் கல்லூரி அணியின் தலைவர் என்பது பிறகு தெரியவந்து சச்சரவானது. நவம்பர் 12 அன்று மறு ஆட்டம். அதற்குள் ஹெஃபல்ஃபிங்கர் யேலை விட்டு வந்து ஒமாகாவில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் வேலையில் இருந்தார். விடுப்பெடுத்துச் சிகாகோ விளையாட்டு மன்ற அணியுடன் கிழக்கு மாநிலங்களில் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிரின்ஸ்டனின் முன்னாள் வீரர் நோல்டன் ஏம்ஸுக்கும் பிட்ஸ்பர்க் மன்றம் ஆளுக்கு 250 டாலர் தர முன்வந்ததாக உள்ளூர் நாளிதழில் வதந்தி வந்தது. அலகேனி மன்றம் அதைவிட அதிகம் தர முனைந்தது. ஏம்ஸ் அமெச்சூர் தகுதியை இழக்க விரும்பாமல் மறுத்தார். ஹெஃபல்ஃபிங்கர் 500 டாலருக்கு இசைந்தார்.

ஆட்ட நாளில் அலகேனி அணியில் ஹெஃபல்ஃபிங்கரும் சிகாகோ அணியைச் சேர்ந்த டானலி, மேலி ஆகியோரும் நிற்பதைக் கண்டு பிட்ஸ்பர்க்காரர்கள் கொதித்தனர். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு பந்தயங்கள் அனைத்தையும் ரத்துசெய்து ஆட இணங்கினர். இருட்டிவிடும் என்பதால் பாதிகளை 30 நிமிடங்களாகக் குறைத்தனர். ஹெஃபல்ஃபிங்கர் எதிரணி ஓட்டக்காரரை மோதிப் பந்தைக் கைநழுவச் செய்து, அதைத் தாமே எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் எடுத்தார். ஓடிய தூரம் 25 முதல் 35 யார்டு வரை எனப் பலவாறாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் எடுக்க வேண்டிய உதை தவறியது. ஆட்டம் 4-0. அன்று பிறந்த ஒரே புள்ளிக் கணக்கு அதுதான்.

இவற்றுள் எது உறுதி? அலகேனி மன்றத்தின் வரவு செலவுத் தாள் ஒன்று எஞ்சியிருக்கிறது. அன்றைய மொத்த வரவு 1,683.50 டாலர், எதிரணிக்கு உறுதியளித்த பங்கு 428 டாலர், டானலி, மேலி, ஹெஃபல்ஃபிங்கர் மூவரின் பயணச் செலவு 75 டாலர், அதற்குக் கீழே ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதற்கு ரொக்கமாக 500 டாலர் என்று அத்தாளில் எழுதியிருக்கிறது. எல்லாச் செலவும் போக மன்றத்துக்குச் சுமார் 620 டாலர் லாபம். அந்நாளில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டு ஊதியத்தை ஒட்டிய தொகையை ஒரு மாலைப் பொழுதுக்கு ஒரு மனிதருக்குக் கொடுத்தும் மன்றம் லாபம் பார்த்தது என்பதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். இனி இது தொடராமல் இருக்காது என்பதற்கு அந்தக் கணக்கே காரணம். அடுத்த வாரமே டானலிக்கு 250 டாலர் கொடுத்தார்கள். மறு ஆண்டு பிட்ஸ்பர்க் மன்றம் ஒரு வீரரோடு பருவம் முழுமைக்குமான ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்தத் தாள் பொதுவெளிக்கு வந்த வரலாறும் உங்கள் கேள்விக்கு நேர்த் தொடர்புடையது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இந்தப் பணப் பட்டுவாடா மறைந்தே கிடந்தது. அமெச்சூர் சங்கம் அறிந்தால் மன்றத்துக்குத் தடை விழும் என்ற அச்சம் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. அதுவரை 1895-இல் பென்சில்வேனியாவின் லாட்ரோப் ஊர் அணிக்காக 10 டாலரும் செலவுத்தொகையும் பெற்று ஆடிய ஜான் பிராலியர்தான் முதலாமவர் என்று கருதப்பட்டார். 1960-களில் நெல்சன் ராஸ் என்னும் பெயருடைய ஒருவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்னும் தொழில்முறைக் கால்பந்து அணியின் அலுவலகத்துக்கு வந்து தட்டச்சுப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய நாளிதழ்களையும் மன்றக் கணக்குகளையும் ஆராய்ந்து எழுதப்பட்ட அந்தப் பிரதிதான் 1892-ஐ வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஹெஃபல்ஃபிங்கர் அதற்குள் காலமாகிவிட்டார். தாம் பணம் வாங்கியதை அவர் உயிரோடிருந்தவரை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை.

ஆகையால் 'பணம் பெற்றதற்கு எழுத்துச் சான்று கிடைத்திருக்கும் முதல் ஆட்டக்காரர்' என்பது அசைக்க முடியாத கூற்று. 'பணம் பெற்ற முதல் மனிதர்' என்பது அவ்வளவு உறுதியானது அல்ல, சொல்லப்போனால் ஐயத்துக்குரியது என்றே நினைக்கிறேன். 1890-களின் தொடக்கத்தில் மன்றங்கள் கையாண்ட வழிகள் பல. ஆட்டக்காரருக்குப் பரிசாகக் கைக்கடிகாரம் கொடுப்பார்கள்; அவர் அதை அடகு வைத்து 20 டாலர் வாங்கிக்கொள்வார்; மன்றம் அதை மீட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பின் அதே கடிகாரத்தை மீண்டும் பரிசளிக்கும். சான்பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் மன்றம் ஆட்டக்காரர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்து ஈர்க்கிறது என்று 1890-இலேயே குற்றச்சாட்டு எழுந்தது. பிட்ஸ்பர்க் மன்றத்திலேயே கிர்ஷ்னர் என்ற உடற்பயிற்சி ஆசிரியரின் சம்பளம் கால்பந்துப் பருவத்தில் மட்டும் உயர்ந்து, வகுப்புகள் குறைந்துவிடுவதாக அலகேனியார் முறையிட்டார்கள். இவை எல்லாம் ஆட்டத்துக்கான ஊதியம்தான். வேறு பெயரில் எழுதப்பட்டதால் கணக்கில் வரவில்லை. ஒரு கணக்கர் நேர்மையாக 'ஆடியதற்கு' என்று எழுதிவைத்ததால் ஹெஃபல்ஃபிங்கருக்கு முதலிடம் கிடைத்தது.

அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கையில் கால்பந்து விட்டுவிட்டு வந்தது. 1893-இல் கலிபோர்னியா, 1894-இல் லீஹை, 1895-இல் மின்னசோட்டா ஆகிய பல்கலைக்கழக அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். அந்தப் பணியில் அவர் ஆட்டக்காரராக அடைந்த உயரத்தை எட்டவில்லை. 1896-இல் அமெச்சூர் சங்கம் அலகேனி மன்றத்தைத் தடைசெய்தபோது, அம்மன்றம் பணம் பெறுவோர் மட்டுமே கொண்ட அணியைத் திரட்டி இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டுக் கலைந்தது. அதிலும் அவர் ஆடினார். பிறகு மினியாபொலிசில் குடும்பத் தொழிலும் பொதுவாழ்வும். 48 வயதில் யேலுக்குச் சென்று மாணவர்களோடு பயிற்சியில் இறங்கி அவர்களில் ஒருவரின் விலா எலும்பை உடைத்தார் என்ற கதை மிகப் பரவலானது. அவர் அன்று களமிறங்கினார் என்பதை நம்பலாம். உடைந்த எலும்புகளின் எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் கூடுவதால் அந்த விவரத்தை நான் சான்றாகக் கொள்வதில்லை. அறப்பணிக்காக நடத்தப்பட்ட ஆட்டங்களில் 1933 வரை, 65 வயதில்கூட, அவர் ஆடியது உண்மை. 1954 ஏப்ரல் 2 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் இறந்தார். அந்த ஆண்டிலேயே வேறொருவரின் துணையோடு எழுதிய நினைவுக் குறிப்புகள் நூலாக வந்தன. ஆட்டத்தின் உணர்வை அறிய அவை நல்லவை. அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தைய நினைவு என்பதால் எண்களையும் தேதிகளையும் வேறு சான்றோடு ஒப்பிடாமல் எடுத்தாள வேண்டாம்.

அவர் பெயர் பணத்தால் நிலைத்ததா என்ற கேள்விக்கு 1951 விடை தருகிறது. கல்லூரிக் கால்பந்துப் புகழ்மண்டபம் அந்த ஆண்டு தன் முதல் தொகுதி வீரர்களைத் தேர்ந்தபோது அவரையும் சேர்த்தது. அப்போது 500 டாலர் விவரம் வெளியாகவே இல்லை. அந்த இடம் முழுக்க யேல் ஆண்டுகளுக்காகவே கிடைத்தது. கேன்டன் புகழ்மண்டபம் 1963-இல் திறக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் பல பருவங்கள் நிலைத்து நின்றவர்களுக்கும் அதைக் கட்டி வளர்த்தவர்களுக்கும் உரிய இடமாகவே அது நடந்துவருகிறது. பணம் பெற்று ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதாகத் தெரிபவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். அவற்றை வைத்து அவரைச் சேர்க்காதது எனக்கு நியாயமாகவே படுகிறது. அலகேனி மன்றத்தின் கணக்குத் தாளை மட்டும் தொழில்முறைக் கால்பந்தின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்த மண்டபமே அழைத்துப் பாதுகாக்கிறது.